விழ வேண்டிய வேளையில் விழுந்த வடை

மே மாதத்து நாகபுரி வெயிலைப் பற்றி நம் சங்க அன்பர்களுக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. பிற்பகலில் பிள்ளைகளை வெளியே அனுப்பவும் இயலாது. வீட்டுக்குள் அடக்கி வைக்கவும் முடியாது. இது கருதியே 2023 ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், சங்க நூலக அறையில், ஒரு கூலரையும் மூன்று பழைய மடிக்கணினிகளையும் துணைக்கொண்டு, எட்டு முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்குக் கணினி நிரல் கற்பிக்க முற்பட்டோம். நாமோ வரலாற்றில் பட்டம் பெற்று, மைய அரசு அலுவலகத்தில் எழுத்தராய்க் காலந்தள்ளுபவர். கல்லூரியில் பயிலும் மகளிடம் பதினைந்து நாள் மாணவராயிருந்து பெற்றதே நம் புலமை.

நாம் எடுத்துக்கொண்டது 'ஸ்கிராட்ச்' என்னும் மென்பொருள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தார் 2007 இல் வெளியிட்டது. கட்டளைகள் வண்ணக் கட்டைகளாய் இருக்கும். ஒன்றன்கீழ் ஒன்றாய்ப் பொருத்திப் பச்சைக் கொடியை அழுத்தினால், திரையிலுள்ள உருவம் நடக்கும், பேசும், பாடும். இதற்கு மூதாதை 1967 இல் பிறந்த 'லோகோ' மொழி. அதனைப் படைத்தோருள் ஒருவரான சீமோர் பேப்பர்ட், குழந்தையைக் கணினி இயக்குவதன்று, குழந்தையே கணினியை இயக்க வேண்டும் என்றார். பிழை வெட்கத்துக்குரியதன்று, ஆராய்தற்குரியது என்பதும் அவர் கொள்கை. படித்து மகிழ்ந்தோம். ஆனால் படிப்பது வேறு, பின்பற்றுவது வேறு அல்லவா?

காக்கையும் நரியும் வடைக்குப் போட்டியிட்ட பழங்கதையை அசையும் படமாக்குவது பிள்ளைகளின் பணி. உரையாடலை மட்டும் தமிழில் தட்டச்சிட வேண்டும் என்றோம். நான்காம் வகுப்புச் சிறுவன் ஒருவன் மரமும் காக்கையும் அழகுற வரைந்தான். கொடியை அழுத்தியதும், நரி வாய் திறக்குமுன்னரே வடை கீழே விழுந்தது. ஒவ்வோர் உருவத்துக்கும் தனித்தனி நிரல். கொடி அசைந்ததும் யாவும் ஒருங்கே ஓடத் தொடங்கும். அவன் நெற்றியைச் சுருக்கி யோசித்துக்கொண்டிருந்தான். நமக்குப் பொறுமையில்லை. சுட்டியை அவன் கையிலிருந்து வாங்கி, வடையின் நிரலில் 'நான்கு விநாடி காத்திரு' என்னும் கட்டையைச் செருகிவிட்டு, "பார், இப்போது சரி!" என்றோம். அவன் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் அவன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

இருபதாண்டுகளுக்கு முன் நம் முதல் வரைவுக் கடிதத்தை மேலதிகாரி ஒருவர் படித்தும் பாராமல் அடித்துத் தாமே எழுதியதும், அன்றிரவு நமக்கு உணவு இறங்காததும் நினைவுக்கு வந்தன. அதே சிவப்பு மையை ஒரு சிறுவனின் காக்கைமேல் நாமும் ஊற்றியிருக்கிறோம்!

மாலையே அவன் வீடு சென்றோம். அவன் அன்னையார், "வாங்க சார்" என்று காப்பி கொடுத்தார். சிறுவன் கதவின் பின்னே நின்றான். "தம்பி, உன் படத்தை நாம் தொட்டது தவறு. நீ வந்து முடிக்க வேண்டும்" என்றோம். நெடுநேரம் கழித்து, "மாமா, இனிமே நீங்க தொடக்கூடாது" என்றான். ஒப்புக்கொண்டோம்.

வந்தான். திருநெல்வேலியிலுள்ள பாட்டியிடம் தொலைபேசியில் கேட்டு, நரிக்கு நீண்டதொரு புகழுரையும் கொண்டுவந்தான். அதனைச் சேர்த்ததும் நம் நான்கு விநாடி பொய்த்தது. புகழ்ச்சி பாதியில் இருக்கையிலேயே வடை விழுந்தது. நம் கட்டையை எடுத்தெறிந்தான். கட்டைகளை ஒவ்வொன்றாய்ச் சோதித்து, ஓர் உருவம் மற்றோர் உருவத்துக்குச் செய்தி அனுப்பும் கட்டையைக் கண்டுகொண்டான். நரி பேசி முடித்ததும் காக்கைக்குச் செய்தி. காக்கை வாய் திறந்ததும் வடைக்குச் செய்தி. இனி நரி எவ்வளவு நேரம் பேசினாலும் வடை உரிய வேளையில்தான் விழும். கடிகாரத்தை நம்பிய நம் தீர்வினும், காரணத்தை நம்பிய அவன் தீர்வே மேம்பட்டது.

அன்றிரவு அப்படத்தைப் பாட்டிக்கு அனுப்பினார்களாம். தம் சொற்களை நரி வாயில் கண்டு அவர் நெடுநேரம் சிரித்தாராம். தமிழில் பேசக் கூசிய பேரன், அன்று அரைமணி நேரம் அவரோடு தமிழிலேயே பேசினானாம்.

பிள்ளைகளுக்குக் கற்பிக்கப் புகும் அன்பர்களே, நாம் கற்றது ஒன்றே: கைகளைப் பின்னே கட்டிக்கொள்ளுங்கள்.