எழுதியவரே அச்சிட்ட புத்தகங்களைத் தேடி

சென்னைப் புத்தகக் காட்சிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு பட்டியலோடு வருகிறார்கள். எந்தப் பதிப்பகம், எந்தக் கடை எண், என்ன தலைப்பு என்று குறித்துக்கொண்டு நேராக அங்கே போய் நிற்கிறார்கள். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துக்குள் இந்த முறை நான் வேறு தேடலோடு நுழைந்தேன். எந்தப் பெரிய பதிப்பகத்தின் முத்திரையும் இல்லாமல், எழுதியவரே தன் செலவில் அச்சிட்ட புதிய புத்தகங்கள் எங்கே இருக்கின்றன, யார் எழுதுகிறார்கள், யார் வாங்குகிறார்கள் என்பதை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்திருந்தேன்.

1977-இல் அண்ணா சாலை மதரஸா-இ-ஆஜம் பள்ளி வளாகத்தில் சிறிதாகத் தொடங்கிய காட்சி இது. காயிதே மில்லத் கல்லூரி, பூந்தமல்லி நெடுஞ்சாலை செயின்ட் ஜார்ஜ் பள்ளி என்று இடம் மாறி இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. இன்று நூற்றுக்கணக்கான கடைகள். ஆனால் கடை என்பது பதிப்பகங்களுக்கும் விற்பனையாளர்களுக்கும்தான் கட்டுப்படியாகும். ஒரே ஒரு புத்தகத்தை வைத்திருக்கும் எழுத்தாளர் தனிக் கடை எடுத்தால் வாடகைக்கே காணாது. அதனால் அவர்கள் அடுத்தவர் கடையில் இடம் கேட்டுத் தங்கள் பிரதிகளை வைக்கிறார்கள்.

பல பதிப்பக நூல்களையும் சேர்த்து விற்கும் ஒரு கடையில் விசாரித்தேன். கடைக்காரர் மூலையில் இருந்த அடித்தட்டைக் காட்டினார். "அங்க இருக்குது சார் எல்லாம். ரெண்டு காப்பி, மூணு காப்பின்னு குடுத்துட்டுப் போறாங்க. பேரு தெரியாதவங்கன்னா ஜனங்க எடுக்கறதில்ல. அட்டை நல்லா இருந்தா புரட்டிப் பாப்பாங்க."

தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் கவிதை. மீதியில்தான் எத்தனை வகை! வரதட்சணை வழக்கு நடத்திய அனுபவத்தைப் பாமரருக்கும் புரியும்படி எழுதியிருக்கிறார் ஒரு வழக்கறிஞர். மாடித் தோட்டம் பற்றி வண்ணப் படங்களோடு ஒன்று. சோழர் காலக் கடற்படையை வைத்து இரண்டு பாகச் சரித்திர நாவல். குழந்தைகளுக்கான பேய்க் கதைகள். ஓட்டுநர் ஒருவர் லாரியில் வடஇந்தியா வரை போய்வந்த பயண நூல். பதிப்பு விவரப் பக்கத்தைப் பார்த்தால் போதும், தனி எழுத்தாளர் புத்தகத்தை அடையாளம் கண்டுவிடலாம். பதிப்பகத்தின் பெயர் மகளின் பெயராகவோ மறைந்த தாயின் பெயராகவோ இருக்கும். முகவரி வீட்டு முகவரி.

அந்தத் தட்டிலிருந்து நான் கீழே வைக்க மனமில்லாமல் எடுத்துக்கொண்டது ஓர் ஊர் வரலாறு. திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றைப் பற்றி, அங்கேயே வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியது. செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-இல் தனி நூலாகவே வெளியிட்டிருக்கிறது. ஆய்வாளர்கள் கல்வெட்டைப் படியெடுத்துப் போய்விட்டார்கள். இந்த ஆசிரியரோ தன் ஊரில் உள்ள நடுகல் நிற்கும் வயல் யாருடையது, அதற்குப் பொங்கல் வைப்பவர்கள் யார், எந்த வருடம் சாலை போடும்போது கல் இடம் மாறியது என்று எழுதியிருக்கிறார். ஏரியின் ஒவ்வொரு மதகுக்கும் ஊரார் வைத்த பெயர், தண்ணீர் திறக்கும் முறை, அதில் வந்த சண்டைகள், சமாதானங்கள் எல்லாம் இருக்கின்றன. ஊரை விட்டுப் போன குடும்பங்களின் பட்டியல்கூட இருக்கிறது. பல்கலைக்கழகம் எதுவும் இதைச் செய்திருக்காது. வணிகப் பதிப்பகம் எதுவும் இதை ஏற்றிருக்காது, ஏனென்றால் இதன் வாசகர்கள் ஒரு வட்டத்துக்குள் இருப்பவர்கள். எழுதியவரே அச்சிடாவிட்டால் இந்தத் தகவல்கள் அவரோடு போயிருக்கும்.

குறையும் கண்ணில் பட்டது. வரைபடம் மங்கல். பெயரடைவு இல்லை. ஒரே நிகழ்ச்சி இரண்டு அத்தியாயங்களில் வெவ்வேறு ஆண்டுகளோடு வருகிறது. நல்ல பதிப்பாசிரியர் ஒருவர் இரண்டு வாரம் உட்கார்ந்திருந்தால் இது ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டும் நூலாகியிருக்கும்.

அடுத்த வரிசையில், கேட்கக் கேட்க அச்சிட்டுத் தரும் சேவை நிறுவனம் ஒன்றின் கடை. அங்கே எழுத்தாளர்களே தங்கள் புத்தகத்தோடு நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். துப்பறியும் நாவல் எழுதிய இளம்பெண் ஒருவர் கணக்கை மறைக்காமல் சொன்னார். முதலில் கிண்டிலில் வெளியிட்டிருக்கிறார். அமேசான் 2016-இல் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளில் மின்நூல் விற்பனையைத் தொடங்கியபின் இப்படி எழுத வந்தவர்கள் ஏராளம். இந்திய விற்பனைக்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமானால் மின்நூலை 90 நாள் வேறெங்கும் விற்கக் கூடாது என்ற ஒப்பந்தத்துக்குள் போக வேண்டும், இல்லாவிட்டால் 35 சதவீதம்தான். மின்நூலில் பெயர் கிடைத்தபின் வாசகர்கள் அச்சுப் புத்தகம் கேட்டார்கள்.

"விலை 220 ரூபா சார். கடைக்கு 40 சதவீதம் கழிவு போச்சுன்னா 132. ஒவ்வொண்ணா அச்சடிக்கறதால ஒரு காப்பிக்கு 100 ரூபா ஆகுது. எனக்கு 32 ரூபா நிக்கும். ஐந்நூறு காப்பி மொத்தமா ஆஃப்செட்ல போட்டா செலவு குறையும், ஆனா அதை வைக்க வீட்ல இடம் இல்ல" என்றார்.

நாவலை அங்கேயே நின்று முப்பது பக்கம் படித்தேன். திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் நடக்கும் கொலை. கட்டிங் மாஸ்டரும் சிங்கர் டெய்லர்களும் பேசும் பேச்சு அப்படியே காதில் விழுகிறது. அவர் அங்கே கணக்குப் பிரிவில் வேலை செய்தவர். தொழில் தெரிந்தவர் எழுதும் துப்பறியும் கதைக்குத் தமிழில் எப்போதும் இடம் உண்டு. அந்த இடத்தை இவரைப் போன்றவர்கள்தான் நிரப்பப்போகிறார்கள்.

பக்கத்து மேசையில், தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் செவிலியர் ஒருவரின் இரவுப் பணிக் குறிப்புகள். நோயாளி யார் என்று தெரிந்துவிடாதபடி ஊரையும் வயதையும் மாற்றியிருப்பதை முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார். அந்தப் பொறுப்புணர்வு நூல் முழுக்கத் தெரிகிறது. எழுத்துப் பிழைகள் இருக்கின்றன. இருந்தும் ஒரு பக்கத்தைக்கூடத் தாண்டிப் போக முடியவில்லை.

எல்லா அனுபவமும் இனிமையாக இல்லை. ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர் தன் சேமிப்பிலிருந்து பெருந்தொகையை ஒரு நிறுவனத்திடம் கட்டியிருக்கிறார். விளம்பரம், விருது, வெளியீட்டு விழா என்று வாக்குறுதிகள். கைக்கு வந்தவை சில பிரதிகள் மட்டும். நூலின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.னுக்கும் தனியாகப் பணம் வாங்கியிருக்கிறார்கள். இந்தியாவில் அந்த எண்ணை மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழுள்ள ராஜா ராம்மோகன் ராய் முகமை இலவசமாகவே தருகிறது, எழுத்தாளர் தன் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம் என்றேன். அவருக்கு அது புதிய செய்தி. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளியாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் கொல்கத்தா தேசிய நூலகம், எழும்பூர் கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்கு 30 நாளுக்குள் போய்ச் சேர வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியாது. கன்னிமாராவில் ஒரு பிரதி இருந்தால், பதிப்பு தீர்ந்து போனாலும் புத்தகம் இருக்கும்.

சொந்தச் செலவில் அச்சிடுவதைக் குறைவாகப் பேசுகிறவர்களை அன்றும் இரண்டு இடங்களில் கேட்டேன். தமிழ்ப் பதிப்பு வரலாறு தெரிந்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள். உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றியது பிரதி வாங்குவதாக முன்பே கையொப்பமிட்டவர்களிடம் முன்பணம் திரட்டித்தான். சி.சு. செல்லப்பா 'எழுத்து' பத்திரிகையையும் அதன் பிரசுரங்களையும் தன் கைப்பொருளில் நடத்தி, புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். முதுமையில் அவரே வெளியிட்ட 'சுதந்திர தாகம்' நாவலுக்கு, அவர் மறைந்தபின் 2001-இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. ஆங்கிலத்தில் எழுதும் அஸ்வின் சாங்கி தன் முதல் நாவலை 2007-இல் புனைபெயரில் தானே வெளியிட்டார். பதிப்பகங்கள் திரும்பத் திரும்ப மறுத்த அமிஷின் மெலூஹா நாவலும் 2010-இல் சொந்த முயற்சியில்தான் முதலில் வந்தது.

அதேநேரம், செல்லப்பாவுக்குப் பின்னால் நீண்ட கால வாசிப்பும் விமர்சனப் பயிற்சியும் இருந்தன என்பதை இன்றைய தனி எழுத்தாளர் மறக்கக் கூடாது. நான் புரட்டிய புத்தகங்களில் பாதிக்கு மேல் இன்னொருவர் கண்ணில் படாமலே அச்சுக்குப் போயிருக்கின்றன. அட்டைக்குச் செலவழிப்பதில் பாதியையாவது மெய்ப்புத் திருத்துநருக்கும் பதிப்பாசிரியருக்கும் ஒதுக்குங்கள். அட்டை ஒருவரைக் கடையில் நிறுத்தும். பத்தாம் பக்கம்தான் அவரை வாங்க வைக்கும்.

காட்சி நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். மாவட்டப் புத்தகத் திருவிழாக்கள் சிலவற்றில் உள்ளூர் எழுத்தாளர்களுக்கென்று பொது அரங்கு ஒதுக்குகிறார்கள். நந்தனத்திலும் ஒரு வரிசையை அப்படி ஒதுக்குங்கள். கடை வாடகை வேண்டாம், விற்ற பிரதிக்கு மட்டும் கழிவு என்று வையுங்கள். துப்பறியும் கதை, ஊர் வரலாறு, சிறுவர் நூல், தொழில் அனுபவம் என்று வகை பிரித்து அடுக்கினால் தேடி வருகிறவர்கள் கண்டிப்பாக இருப்பார்கள்.

வாசகர்களிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை உங்கள் பட்டியலில் கடைசி வரி ஒன்றைக் காலியாக விட்டுவிட்டு வாருங்கள். பெயர் தெரியாத ஒருவரின் புத்தகத்தை எடுத்து ஐந்து பக்கம் படித்துப் பாருங்கள். பிடித்திருந்தால் வாங்குங்கள். பதிப்பு விவரப் பக்கத்தில் அலைபேசி எண் இருந்தால், படித்து முடித்தபின் எழுதியவரை அழைத்து நிறையும் குறையும் சொல்லுங்கள். அவருடைய இரண்டாவது புத்தகம் நன்றாக வர, அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.