எல்லாவற்றையும் மாற்று

நான் செய்தது இதுதான். தாராவியின் முதிய தமிழர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றிப் பேசியதை ஒலிப்பதிவு செய்து, கணினியில் அடித்து வைத்திருந்த பக்கங்கள் என் கைக்கு வந்தன. அவர்கள் ‘பம்பாய்’ என்று சொன்ன இடங்களையெல்லாம் ஒரே கட்டளையில் ‘மும்பை’ ஆக்கினேன். மூலக் கோப்புகளின் மேலேயே எழுதினேன். நகல் எடுத்து வைக்கவில்லை. பிழை வெளியே தெரிந்தபோது, தட்டச்சு செய்த பெண்ணின் மீது பழி விழும்படி பேசினேன். கடைசியாகச் சொன்னதுதான் என்னை இன்னும் தூங்கவிடாமல் செய்கிறது. ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான், நான் அந்த இடத்துக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பது விளங்கும்.

நான் மாட்டுங்காவில் வளர்ந்தவள். கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றியுள்ள கோயில், சபா, பூக்கடை, மெஸ் இவைதாம் எனக்குத் தெரிந்த தமிழ் உலகம். மத்திய ரயில் பாதைக்கு அந்தப் புறம், நடந்தே போகும் தூரத்தில் தாராவி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கும் கூலி வேலைக்கும் வந்த குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்கின்றன. எங்கள் வீட்டில் தாராவி என்ற பெயர் “அந்தப் பக்கமெல்லாம் போகாதே” என்ற வாக்கியத்தில்தான் வரும். கல்யாணமாகிச் செம்பூருக்கு வந்த பிறகும் அது மாறவில்லை. சயானைக் கடக்கும் பேருந்தின் ஜன்னல் வழியாகப் பார்த்த தாராவிதான் நான் பார்த்த தாராவி. 90 அடி சாலையை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கும் சின்னப் படிப்பகத்திலிருந்து உதவி கேட்டு வந்தபோதுதான் முதன்முதலாக உள்ளே போனேன். அப்போதும், உதவி செய்கிறவள் என்ற நினைப்போடுதான் போனேன்.

அவர்கள் கேட்டது சிறிய வேலை. “ஊர்ப் பெயர் ஒவ்வொரு பக்கத்துல ஒவ்வொரு மாதிரி இருக்குக்கா, ஒரே மாதிரி ஆக்கித் தாங்க” என்றார்கள். மாட்டுங்கா என்று ஒரு பக்கம், மாதுங்கா என்று ஒரு பக்கம். சயான், சயன் என்று இரண்டு விதம். அதைச் சரிசெய்வதற்காகத்தான் கோப்புகளைக் கொடுத்தார்கள். பம்பாயை மாற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. புத்தகமாக வரப்போகிறது, ஊரின் இன்றைய பெயர் இருந்தால்தானே ஒழுங்கு என்று நானே முடிவு செய்தேன். 1995-இல் அரசு மாற்றிய பெயரை இவர்கள் இன்னும் மாற்றிக்கொள்ளவில்லையே என்ற இளக்காரமும் அந்த முடிவில் இருந்தது.

என் தொழில் வங்கிக் கணக்கு அறிக்கைகளைச் சீர்செய்யும் மென்பொருள் எழுதுவது. ரெஜெக்ஸ் எனக்கு அன்றாடப் புழக்கம். எழுத்துகளின் வடிவத்தைச் சொல்லித் தேடுகிற முறை அது. தேடிக் கிடைத்ததை வேறொன்றாக மாற்றவும் செய்யும். கென் தாம்ப்சன் 1968-இல் இதற்கான தேடல் முறையை வெளியிட்டார். பிறகு யூனிக்ஸின் ‘எட்’ திருத்தியில் இது வேரூன்றியது. எட்-இல் மாற்றச் சொன்னால் ஒரு வரியில் முதலாவதை மட்டுமே மாற்றும். எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமானால் கடைசியில் ‘ஜி’ என்ற எழுத்தைச் சேர்த்துக் கேட்க வேண்டும். அதன் வழிவந்த விஐ-இல் ‘சி’ என்றும் சேர்த்தால் ஒவ்வொரு இடத்திலும் நின்று, மாற்றட்டுமா என்று கேட்கும். ஜாவாஸ்கிரிப்டிலும் வெறும் சொல்லைக் கொடுத்தால் முதலாவது மட்டுமே மாறும். எல்லாவற்றையும் மாற்றும் தனிக் கட்டளை 2021-இல்தான் வந்தது. சி பிளஸ் பிளஸ் மொழியில் 2011 முதல், முதலாவதை மட்டும் மாற்று என்பதற்கு ஒரு ஃப்ளாக் (கட்டளையோடு சேர்க்கும் குறி); பொருந்தாத பகுதியை விட்டுவிட்டு மாறியதை மட்டும் காட்டு என்பதற்கு இன்னொரு ஃப்ளாக். நான் பயன்படுத்திய பைத்தானில் நிலைமை வேறு. எத்தனை முறை மாற்ற வேண்டும் என்று ஓர் எண் தரலாம். தராவிட்டால் அது 0. அங்கே 0 என்றால் ‘எல்லாவற்றையும்’ என்று பொருள்.

இவை எல்லாம் எனக்குத் தெரியும். அலுவலகத்தில், எத்தனை இடங்கள் மாறின என்று எண்ணிச் சொல்லும் கட்டளையை முதலில் ஓட்டுவோம். மாறிய வரிகளைப் பழைய வரிகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். இன்னொருவர் சரிபார்த்த பிறகுதான் உண்மைக் கோப்பைத் தொடுவோம். வங்கி வாடிக்கையாளரின் பெயரில் ஒரு புள்ளி தவறினால் விளக்கம் எழுத வேண்டும். தாராவி ஆச்சி ஒருவரின் பேச்சுக்கு அந்த மரியாதையை நான் தரவில்லை. நேரமில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அன்று ஞாயிற்றுக்கிழமை, மாலை முழுவதும் கையில் இருந்தது.

முதல் ஓட்டத்தில் ‘பம்பாய்’ என்பதை ‘மும்பை’ ஆக்கினேன். ‘பம்பாய்க்கு’ ஒழுங்காக ‘மும்பைக்கு’ ஆனது. ‘பம்பாயில்’ மாறவில்லை. கணினிக்கு ‘ய்’ என்பது ய என்ற எழுத்தும் அதன் பின்னால் ஒரு புள்ளியும். ‘யி’ என்பதில் புள்ளி இல்லை, மேல்விலங்கு இருக்கிறது. தமிழில் வேற்றுமை உருபு ஏறும்போது சொல்லின் கடைசியே மாறிவிடுவதால், சொல்லைத் தேடினால் சொல் கிடைப்பதில்லை. அங்கேயே நின்று யோசித்திருக்கலாம். புள்ளியை எடுத்துவிட்டு, ‘பம்பாய’ என்பதை ‘மும்பைய’ ஆக்கும்படி மறுபடி ஓட்டினேன். எல்லாம் மாறிவிட்டது என்று திருப்தி.

அடுத்து ‘வி.டி.’ 1887-இல் திறந்த விக்டோரியா டெர்மினஸ் 1996-இல் சி.எஸ்.டி. ஆகி, 2017-இல் சி.எஸ்.எம்.டி. ஆனது. அதையும் மாற்றினேன். 1950-களில் மதராஸ் ரயிலிலிருந்து இறங்கியதைப் பற்றிச் சொன்ன ஒரு பெரியவர், 2017-இல் வந்த பெயருள்ள நிலையத்தில் இறங்கினார். ரெஜெக்ஸில் வெறும் புள்ளி என்றால் ‘எந்த ஓர் எழுத்தாகவும் இருக்கலாம்’ என்று பொருள். புள்ளியைப் புள்ளியாகவே தேட, முன்னால் ஒரு பின்சாய்கோடு போட வேண்டும். நான் போடவில்லை. சொல்லின் தொடக்கத்தில் மட்டும் தேடு என்ற எல்லைக் குறியைப் போட்டிருந்தேன். அது காப்பாற்றும் என்று நம்பினேன். பைத்தானின் வழக்கமான ரெஜெக்ஸ் லைப்ரரி தமிழின் காலையும் கொம்பையும் புள்ளியையும் சொல்லின் எழுத்தாகக் கணக்கில் எடுப்பதில்லை. ‘தாராவி’ என்ற சொல்லில் ‘ரா’வின் காலுக்குப் பிறகு அதற்குச் சொல் முடிந்துவிடுகிறது, ‘வி’ புதிய சொல்லாகத் தொடங்குகிறது. ‘தாராவி டிப்போ’ என்று எங்கெல்லாம் வந்ததோ, அங்கெல்லாம் ‘வி’, நடுவில் ஓர் இடைவெளி, ‘டி’, அப்புறம் ‘ப’ என்று என் கட்டளைக்குச் சரியாகப் பொருந்தியது. ‘தாராசி.எஸ்.எம்.டி.’ என்று ஆகி, அதன் பின்னால் தனியாக நின்ற ஒரு புள்ளியும் ‘போ’வும். ‘தாராவி டிரைவர்’ என்ற இடமும் அப்படியே சிதைந்தது. ஊரின் பெயரையே வெட்டிவிட்டேன், அந்த ஊர்க்காரர்களின் புத்தகத்தில்.

படங்களுக்கு அடியில் ஆங்கிலக் குறிப்புகள் இருந்தன. அவற்றிலும் பம்பாயை மாற்றப் போனேன். பெரிய எழுத்து, சிறிய எழுத்து பாராமல் மாற்று என்பதற்கான ஃப்ளாகைக் கடைசி இடத்தில் எழுதுவதற்குப் பதில் அதற்கு முந்தைய இடத்தில் எழுதிவிட்டேன். அது எத்தனை முறை என்ற எண்ணுக்கான இடம். அந்த ஃப்ளாகின் மதிப்பு 2. ஆக ஒவ்வொரு கோப்பிலும் முதல் இரண்டு மாறின, மற்றவை அப்படியே நின்றன. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. இப்படி இடம் மாறி எழுதுவது எத்தனையோ பேருக்கு நேர்ந்தது. 2024-இல் வந்த பைத்தான் 3.13-இலிருந்து, பெயர் குறிப்பிடாமல் இவற்றைத் தருவது கைவிடப்பட வேண்டிய பழக்கம் என்று எச்சரிக்கிறது. எனக்கு எச்சரிக்கை தேவைப்பட்டிருக்கக் கூடாது. அலுவலகத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இந்தப் பள்ளத்தைக் காட்டிப் பாடம் எடுப்பவளே நான்தான்.

மெய்ப்புப் பார்த்தவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர். தொலைபேசியில் கூப்பிட்டார். ஓர் ஆச்சி தன் மூத்த மகளின் கல்யாணத்தைப் பற்றிச் சொன்ன வரியைப் படித்துக் காட்டினார்: “மும்பை மும்பை ஆன வருஷம்தான் மூத்தவளுக்குக் கல்யாணம்.” எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. அவர் தொடர்ந்தார். இன்றுவரை பெயர் மாறாத பம்பாய் உயர் நீதிமன்றம் மும்பை உயர் நீதிமன்றம் ஆகியிருந்தது. 1960 வரை இருந்த பம்பாய் மாநிலம், ஒரு தாத்தா சின்ன வயதில் விற்ற பம்பாய் மிட்டாய், மணிரத்னத்தின் ‘பம்பாய்’ படம், எல்லாமே மும்பை. டிப்போவுக்கும் வந்தார். “இது என்னம்மா, படிக்கவே முடியலையே?”

“டைப் பண்ணின பொண்ணு கவனிக்கலை போல, சார்” என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் அல்ல, வாயில் தானாக வந்தது. அதனால்தான் அது என்னைப் பற்றி அதிகம் சொல்கிறது என்று நினைக்கிறேன். தவறு நடந்தால் அது அந்தப் பக்கத்து ஆளுடையதாகத்தான் இருக்கும் என்பதை அவரும் எளிதில் நம்புவார் என்று எனக்குள் ஏதோ ஒன்று கணக்குப் போட்டிருக்கிறது. அவர் நம்பினார். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு அடித்துக் கொடுத்தவள் அவள். அடுத்த கட்டப் பக்கங்களை வேறொருவரிடம் கொடுத்தார்கள். எனக்குத் தெரிந்தது, பேசாமல் இருந்தேன். சரிசெய்து தருகிறேன் என்று கோப்புகளை வாங்கிக்கொண்டு, நல்லவள் என்ற பெயரையும் சேர்த்து வாங்கினேன்.

சரிசெய்ய உட்கார்ந்தபோதுதான் செய்ததன் முழு அளவு தெரிந்தது. டிப்போவை மீட்க முடிந்தது. அந்தச் சிதைவு வேறெதனோடும் குழம்பாது. மும்பையைப் பம்பாயாகத் திருப்ப வழியில்லை. மூலத்திலேயே மும்பை என்று சொன்னவர்கள் உண்டு. பேரப்பிள்ளைகள் அப்படித்தான் சொல்கிறார்கள். சில பெரியவர்கள், பழைய காலத்தைப் பேசும்போது பம்பாய் என்றும், 1992-93 கலவரத்துக்குப் பிந்தைய நாட்களைப் பேசும்போது மும்பை என்றும் சொல்லியிருந்தார்கள். ஒரே ஆளின் பேச்சில் காலம் மாறுவது அந்த ஒரு சொல்லில் கேட்டிருக்கும். இரண்டு சொற்களை ஒன்றாக்கிய பிறகு எது எதிலிருந்து வந்தது என்று எந்தக் கட்டளையாலும் சொல்ல முடியாது. ஒலிப்பதிவுகளைத் தேடினால், பாதிக்குமேல் இல்லை. கைபேசியில் இடம் போதவில்லை என்று, அடித்து முடித்தவற்றை அழித்திருந்தார்கள். அடித்த கோப்பு இருக்கிறதே என்ற நம்பிக்கையில் அழித்தது. பேசியவர்களில் சிலர் இப்போது உயிரோடு இல்லை.

பைத்தானில் மாற்றுச் சொல்லுக்குப் பதிலாக ஒரு ஃபங்ஷனைக் கொடுக்கலாம். கிடைத்த ஒவ்வோர் இடத்தையும் அது நம்மிடம் காட்டும். பின்னால் ‘உயர் நீதிமன்றம்’ வந்தால் விட்டுவிடு, ‘மிட்டாய்’ வந்தால் விட்டுவிடு என்று எழுதலாம். அதைச் செய்திருந்தால் நீதிமன்றமும் மிட்டாயும் தப்பியிருக்கும். ஆச்சியின் பேச்சு தப்பியிருக்காது. ஏனென்றால் அதை மாற்றுவது தவறு என்றே நான் அன்று நினைக்கவில்லை.

கடைசியில் அந்தப் பெண்ணைப் போய்ப் பார்த்தேன். எவ்வளவோ தள்ளிப்போட்ட பிறகுதான் போனேன் என்பதையும் சொல்ல வேண்டும். நடந்ததைச் சொன்னேன். அவள் குறுக்கே பேசவில்லை. “நான் கேட்டதைத்தான் அடிச்சேன்க்கா. எங்க ஆச்சி ஒருநாளும் மும்பைன்னு சொன்னதில்ல. அச்சுல மாறியிருக்கேன்னு பார்த்தேன். படிச்சவங்க மாத்தினா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்” என்றாள். அந்தப் பக்கங்களில் பேசியவர்களில் ஒருவர் அவளுடைய சொந்த ஆச்சி என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்: “படிப்பகத்துலயும் நீங்களே சொல்லிருங்கக்கா. நான் சொன்னா நம்ப மாட்டாங்க.”

சொன்னேன், தமிழாசிரியரிடமும் சேர்த்து. அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவளைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார், நான் கேட்க வேண்டியதைவிடப் பெரிதாக. மீதமுள்ள பக்கங்களை மறுபடி அவளிடமே கொடுத்திருக்கிறார்கள். இருக்கும் ஒலிப்பதிவுகளைக் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு மும்பையாக அவள் சரிபார்க்கிறாள். அவள் சொல்கிற இடத்தில் நான் திருத்துகிறேன், கையால். பதிவு இல்லாத பக்கங்களில் அந்தச் சொல் வரும் இடங்களில் ஒரு குறி போடுவதென்று முடிவாகியிருக்கிறது. அந்தக் குறி ஏன், யாரால் வந்தது என்பது புத்தகத்தின் முன்குறிப்பில் என் பெயரோடு இருக்கும். வாசகத்தை அவள்தான் எழுதினாள். நான் ஒரு சொல்லையும் மாற்றவில்லை.