குற்றவாளிக் கூண்டில் நோயாளி



நோயுற்றவரைக் கண்டால் நெஞ்சம் உருக வேண்டும். நம் நாட்டிலோ நாக்கு நீள்கிறது! "என்ன நோய்?" என்று கேட்பவர் சிலர், "என்ன தவறு செய்தாய்?" என்று கேட்பவர் பலர். படுக்கையில் கிடப்பவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி, உற்றாரும் ஊராரும் தாமே நீதிபதிகளாகும் விந்தையை நம் இல்லத்திலேயே கண்டோம். அந்த வழக்கின் விவரத்தை எடுத்துரைக்க விழைகிறோம்.

கூண்டில் ஏற்றப்பட்டவர் நம் தந்தையாரின் தமக்கை. அகவை 56. நீரிழிவு அவரைப் பற்றி 19 ஆண்டுகள் ஆயின. இறுதி ஏழு ஆண்டுகளாக இன்சுலின் ஊசி. பள்ளியிலே பாடம் நடத்திவிட்டு மாலையில் இல்லம் திரும்பும் நாம், சென்ற ஆண்டு அவரிடம் ஒரு மாற்றத்தைக் கண்டோம். இரண்டு கவளம் உண்டதும் வயிறு நிறைந்துவிட்டது என்பார். உப்புசம், ஓயாத குமட்டல். காலையில் உண்ட இட்டலி மாலையில் உருக்குலையாமல் வெளியே வரும். மூன்று திங்களில் 9 கிலோ எடை குறைந்தார்.

தீர்ப்பு வழங்க வந்தனர் உறவினர். "நாவை அடக்கத் தெரியாதவள், ஒளித்து வைத்துத் தின்கிறாள்" என்றார் ஒருவர். "கண்ணேறு பட்டுவிட்டது" என்றார் மற்றொருவர். "முற்பிறவியில் செய்த வினை" என்றார் மூன்றாமவர். மூவரும் மூன்று விதமாகப் பேசினர். ஆனால், காரணத்தைத் தேடும் உழைப்பிலிருந்து மூவருமே தப்பித்துக்கொண்டனர்! விளைவு என்ன? அத்தை வாந்தியை மறைக்கத் தொடங்கினார். கொல்லைப்புறம் சென்று, ஓசையின்றி வாந்தியெடுத்து, மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வருவார். மருத்துவர் அறிய வேண்டிய செய்தியை மண் மூடியது. பழிச்சொல் செய்த பணி இது!

ஒருநாள் இரவு. ஊசி போட்டுக்கொண்டு சிறிது சோறு உண்டார். ஒரு மணி நேரம் கழிந்தது; உடல் வியர்வையில் நனைந்தது; கை நடுங்கியது; நாக் குழறியது; நம்மையே பார்த்து "யார் நீ?" என்றார். "சாமி வந்திருக்கிறது" என்றார் அண்டை வீட்டு மூதாட்டி. திருநீறு கொண்டுவர ஓடினர் இருவர். அத்தையின் மகளோ சர்க்கரை அளக்கும் கருவியைக் கையிலெடுத்தாள். விரல்நுனியில் ஒரு துளிக் குருதி எடுத்தாள். காட்டிய எண் 46! 70-க்குக் கீழே இறங்கினாலே இடர் என்பது மருத்துவ நூல் கூறும் உண்மை. விழுங்கும் நிலையில் இருந்தமையால், சர்க்கரை கரைத்த நீரைச் சிறுகச் சிறுகப் புகட்டினோம். நினைவு தவறியிருந்தால் வாயில் எதையும் ஊற்றலாகாது. மருத்துவமனைக்கே தூக்கிச் செல்ல வேண்டும். கால் மணிக்கு ஒருமுறை அளந்தோம். எண் ஏறிற்று; பேச்சுத் தெளிந்தது. வந்த சாமி, சர்க்கரைத் தண்ணீர் குடித்துவிட்டு மலையேறிவிட்டது!

மறுநாள் மருத்துவமனை சென்றோம். மறைத்து வைத்திருந்தவற்றையெல்லாம் அத்தை வாய் திறந்து சொன்னார். எண்டோஸ்கோப்பிக் குழாயை உள்ளே செலுத்திப் பார்த்தனர். அடைப்பில்லை, புண்ணில்லை. ஆனால், இரவு முழுதும் பட்டினி கிடந்த வயிற்றில் முன்னாள் உணவு தேங்கிக் கிடந்தது! பிறகு, சிறிதளவு கதிரியக்கப் பொருள் கலந்த உணவை உண்ணச்செய்து, அது இரைப்பையை விட்டு நீங்குவதைப் படம் பிடித்தனர். 4 மணி நேரத்திற்குப் பின் பத்தில் ஒரு பங்குக்குமேல் தங்கலாகாது. அத்தையின் வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு தங்கியிருந்தது.

இதுதான் 'காஸ்ட்ரோபரேசிஸ்' - இரைப்பைத் தளர்ச்சி. 1958-ஆம் ஆண்டிலேயே காசாண்டர் என்ற மருத்துவர், நீரிழிவாளரிடம் கண்ட இந்நிலைக்குப் பெயர் சூட்டி எழுதினார். மூளையின் அடித்தண்டிலிருந்து வயிற்றுக்கு இறங்கும் 'வேகஸ்' நரம்பு, இரைப்பையை இயக்குகிறது. நெடுங்காலம் மிகுந்து நிற்கும் சர்க்கரை அந்நரம்பைச் சிதைக்கிறது. ஏவல் வராத வயிறு என்செய்யும்? உணவு தேங்குகிறது. ஊசிமருந்தோ குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்கிவிடுகிறது, சர்க்கரை வீழ்கிறது. பின்னர் உணவு இறங்கும்போது எகிறுகிறது. நாவின் குற்றமா இது? நரம்பின் நலிவு!

"சர்க்கரையை அடக்கியிருந்தால் நரம்பு கெட்டிருக்குமா?" என்று கேட்பர் சிலர். கேட்கட்டும்; நாமும் கேட்கிறோம். வீட்டார் அனைவரும் உண்டபின் எஞ்சியதை உண்ட பெண்ணிடம், "நேரத்துக்கு உண்" என்று சொன்னவர் யார்? ஆடவருக்குத் தலைவலி என்றால் மருத்துவரிடம் ஓடிய குடும்பம், அடுப்படியில் நின்றவளின் குருதியை எத்தனை முறை அளந்து பார்த்தது? கூண்டில் ஏற வேண்டியவர் அத்தையா, அவரை அப்படி வைத்திருந்த வழக்கமா?

அறிந்த உண்மை, ஆற்ற வேண்டிய பணியைக் காட்டிற்று. மூன்று வேளை உணவு ஆறு சிறு வேளைகளாயிற்று. "நீரிழிவா? கீரை உண், கேழ்வரகு உண்" என்பது பலருக்கு நல்லுரை, தளர்ந்த இரைப்பைக்கோ நார் மிகுந்த உணவும் கொழுப்பும் பெருஞ்சுமை. ஆகவே குழைந்த கஞ்சி, வடிகட்டிய பருப்புநீர், மசித்த பூசணி. உண்டபின் படுக்காது சிறிது நடை. ஊசியின் நேரத்தை மருத்துவர் மாற்றியமைத்தார். உண்டது, ஊசி, அளவு, வாந்தி - நான்கையும் நேரத்தோடு குறிக்க ஒரு குறிப்பேடு திறந்தோம். மகள் தேர்வுக்குப் படிக்கும் நாள்களில் கஞ்சி காய்ச்சுவது நம் தந்தையாரின் பொறுப்பு. ஆடவரும் அடுப்பை அறிந்துகொண்டார்!

மருந்துக் கடையில் தாமாகவே வாங்கி விழுங்கும் பழக்கத்தையும் விட்டொழிக்க வேண்டும். வாந்தியை நிறுத்தும் மெட்டோகுளோபிரமைடு மருந்து, நெடுநாள் உண்டால் முகமும் நாவும் தாமே அசையும் தீராக் கோளாறைத் தரக்கூடும். 2009-இல் அமெரிக்க மருந்துத் துறை அதற்குக் கடும் எச்சரிக்கை விதித்தது. டோம்பெரிடோன் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடும். மருத்துவர் சொல்லும் அளவும் காலமுமே எல்லை.

நோய் முற்றிலும் நீங்கிற்றா? இல்லை. இன்றும் சில நாள்களில் வாந்தி உண்டு. ஆனால், அத்தை கொல்லைப்புறம் செல்வதில்லை. "குறிப்பேட்டில் எழுது" என்கிறார். இழந்த எடையில் 4 கிலோ மீண்டது. இழந்த மதிப்போ முழுதும் மீண்டது.

2023-இல் வெளியான ஆய்வு, இந்தியாவில் நீரிழிவாளர் 10 கோடியே 10 இலட்சம் பேர் என்றது. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். உங்கள் இல்லத்திலும் இருக்கக்கூடும். பகுத்தறிவு, மேடையில் மட்டும் முழங்கும் முரசன்று, நோயாளியின் படுக்கையருகே அமர்ந்து, "எப்போது உண்டீர்கள்? எப்போது வலித்தது?" என்று பரிவோடு கேட்கும் குரலும் அதுவே. பழி கூறும் வாயை மூடுங்கள்; காரணம் கேட்கும் செவியைத் திறவுங்கள்!