கடைசிக் கட்டம்

"தம்பி, கிளினிக்க மூடப் போறேன். கம்ப்யூட்டர்ல ஒரு வேல இருக்கு, வர்றியா?"

டாக்டர் போன் செய்தபோது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அவருக்கு 74 வயது. கை நடுங்க ஆரம்பித்து ஒரு வருடமாகிறது.

அரசாங்க டாக்டர்களுக்கு 60 வயதில் கட்டாய ஓய்வு. சொந்த கிளினிக் வைத்திருப்பவருக்கு அப்படி ஒரு தேதி கிடையாது. தொழில் சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பிக்கும்வரை தொடரலாம். அவரும் 'அடுத்த வருசம்' என்றே பத்து வருடத்தை ஓட்டிவிட்டார். மகள் ஆஸ்திரேலியாவில் டாக்டர். திரும்பி வருவதாக இல்லை. சுங்கை சிப்புட்டில் ஒற்றை ஆள் கிளினிக்கை எடுத்து நடத்த இளம் டாக்டர் எவரும் கிடைக்கவில்லை. 2006 விதிமுறைப்படி ஆலோசனைக் கட்டணம் அப்போது 10 முதல் 35 வெள்ளியாக இருந்தது. பல ஆண்டுகள் அது மாறாமலேயே இருந்தது. எந்த இளைஞருக்குக் கணக்கு ஒத்துவரும்?

நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஒரு பழைய கம்ப்ரஸரை நிறுத்தவே மூன்று மாதம் திட்டம் போடுவோம். புதியது ஒழுங்காக ஓடும்வரை பழையதை அணைக்க மாட்டோம். டாக்டரும் அப்படித்தான் செய்தார். ஆறு மாதத்துக்கு முன்பே கதவில் அறிவிப்பு ஒட்டினார். இனிப்பு நீர், ரத்த அழுத்தம், ஆஸ்துமா என்று விடாமல் மருந்து எடுப்பவர்களை முதலில் பட்டியலிட்டார். ஒவ்வொருவருக்கும் அரசாங்க கிளினிக்குக்கு ஒரு கடிதம். அதற்கான படிவத்தைத்தான் நான் செய்துகொடுத்தேன்: பெயர், நோய், மருந்து, அளவு, கடைசி ரத்தப் பரிசோதனை.

"கீழ ஒரு கட்டம் காலியா வுடு தம்பி."

"எதுக்கு டாக்டர்?"

"நான் எழுதிக்கிறேன்."

கடைசி மாதம் அம்மாவின் கடிதத்தை வாங்கினோம். காரில் ஏறியதும் அம்மா அதை நீட்டி, "என்ன எழுதியிருக்காரு?" என்றார். அந்தக் கட்டத்தில் நடுங்கிய கையெழுத்தில், ஆங்கிலத்தில் இருந்தது: 'வலது காது மந்தம். இடப்பக்கம் உட்கார்ந்து பேசவும். வெள்ளிக்கிழமை விரதத்தன்று மாத்திரை போடமாட்டார். கேட்டால் போட்டேன் என்பார்.'

காரில் அம்மா எப்போதும் எனக்கு இடப்பக்கம்தான். அவருடைய வலது காதுதான் என் பக்கம். நான் பேசும்போது பதில் சொல்லாமல் வெளியே பார்த்துக்கொண்டிருப்பதை இத்தனை நாளும் கோபம் என்றே நினைத்திருந்தேன்.

டாக்டர் இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போட்டு, நடுவில் திடீரென்று விழுந்திருந்தால் இந்த மூன்று வரி யாருக்கும் கிடைத்திருக்காது. அம்மாவின் கார்டில் மருந்தும் அளவும் மட்டும்தான் இருந்தன. மற்றதெல்லாம் அவர் தலையில்.

அரசாங்க கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் வேறு டாக்டர் இருக்கலாம். கடிதத்தை மூன்று பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை இரவு மாத்திரைப் பட்டையை நான்தான் எண்ணுகிறேன். கேட்பதென்றால், இடப்பக்கம் போய் உட்கார்ந்து கேட்கிறேன்.