காபி பூக்கும் பங்குனியில் ஏற்காடு

மஞ்சள் அறுவடை முடிந்த கையோடு, ஆத்தூர் பக்கத்து விவசாய நண்பர்கள் நான்கு பேர் பங்குனியில் ஏற்காட்டுக்குக் கிளம்பினார்கள். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் சமவெளியின் வெக்கை மறந்து, சால்வை தேடும் குளிர்.

மாலையில் ஏரியில் படகு சவாரி. மறுநாள் காலை காபித் தோட்டங்களுக்கு நடுவே நடை. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்க, அடியில் காபிச் செடிகள் வெள்ளை வெளேரென்று பூத்திருந்தன. மல்லிகை போல வாசம்.

"மழை இல்லாம நல்லா சுத்திப் பாத்தோம்" என்றார் ஒருவர். இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் தோட்டக்காரர் வானத்தைப் பார்த்தார். "எங்களுக்கு மழை வரணுமேண்ணே!"

காபி மொட்டுகள் வறட்சியில் உறங்கிக் கிடக்கும். கோடை மழை 25 முதல் 40 மி.மீ. பெய்தால், பத்து நாளில் பூக்கும். மழை போதாவிட்டால் மொட்டு முழுதாக விரியாது, காயும் பிடிக்காது. பூத்த இரண்டு, மூன்று வாரத்தில் இன்னொரு மழை கிடைத்தால்தான் பிஞ்சு நிற்கும். பெரிய தோட்டங்கள் தெளிப்பு நீர் பாய்ச்சிச் சமாளிக்கும். சிறு விவசாயிக்கு வானம்தான்.

அவித்த மஞ்சள் களத்தில் காயும்போது மழைக்குப் பயந்தவர்கள்தான் இந்த நால்வரும். இங்கே, அதே பங்குனியில், மழை வேண்டி நிற்கிறார் இன்னொரு விவசாயி.

பங்குனியில் ஏற்காடு போகிறவர்கள் பூவைக் கண்ணால் ரசியுங்கள், பறிக்க வேண்டாம். ஒவ்வொரு பூவும் ஒரு காய்.