பதிவுக்கு ஒரு விலை, காவலுக்கு ஒரு விலை

டிசம்பர் 28, திருத்தணி

டிஜிட்டல் சேகரிப்புப் பொருள் ஒன்றை பிளாக்செயினில் உருவாக்க எவ்வளவு ஆகும் என்று கேட்பவருக்கு ஒரே தொகையை விடையாகச் சொல்லிவிடும் விளம்பரங்கள் பெருகியுள்ளன. ஆனால் அந்தத் தொகை எதற்காகச் செலுத்தப்படுகிறது என்பது தெளிவாகாதவரை, அது அதிகமா குறைவா என்று தீர்மானிக்க வழியில்லை. பிளாக்செயின் என்பது ஒரே கணக்கேட்டின் படிகளை உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கான கணினிகள் வைத்திருந்து, புதிய பதிவுகளைத் தொகுதி தொகுதியாகத் திரட்டி, ஒவ்வொரு தொகுதியையும் அதற்கு முந்தையதோடு பிணைத்துச் சேர்த்துக்கொண்டு போகும் ஏற்பாடாகும். அந்த ஏட்டில் வேறெதற்கும் இல்லாத ஓர் எண்ணையும், அந்த எண் இன்ன முகவரிக்கு உரியது என்ற குறிப்பையும் பதிவதே என்எஃப்டி எனப்படுகிறது. எத்தீரியம் என்ற பிளாக்செயினில் இதற்கான பொது விதிமுறை, இஆர்சி-721 என்ற பெயரில், 2018 ஜனவரியில் முன்மொழியப்பட்டது. இவ்வாறு பதிவதைத் தொழிலில் உள்ளோர் ‘மின்ட் செய்தல்’ என்பர்.

பதிவுக்காகக் கணினிகள் செய்ய வேண்டிய வேலை ‘கேஸ்’ என்ற அலகால் அளக்கப்படுகிறது. ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு ஈதர் நாணயத்தை அனுப்ப 21,000 கேஸ் போதும்; சேகரிப்புப் பொருள் ஒன்றை மின்ட் செய்ய ஏறத்தாழ ஒரு லட்சம் முதல் ஒன்றரை லட்சம் கேஸ் தேவைப்படும். ஓர் அலகு கேஸின் விலை ‘குவேய்’ என்ற சில்லறையில் கூறப்படுகிறது. நூறு கோடி குவேய் சேர்ந்தால் ஓர் ஈதர். ஆகவே செலவு என்பது வேலையின் அளவு, அப்போதைய கேஸ் விலை, அன்றைய ஈதர் மதிப்பு ஆகிய மூன்றையும் பெருக்கி வரும் தொகை. இவற்றில் முதலாவது மட்டுமே ஓரளவு நிலையானது, மற்ற இரண்டும் மணிக்கு மணி மாறக்கூடியவை.

டிசம்பர் 29

பதிவுக்குச் செலுத்தும் தொகையில் படமும் அடங்கும் என்று நம்புவோர் பலர். இந்த நம்பிக்கையைச் சோதிக்கத் தமிழர் ஒருவர் வாங்கிய பொருளே தக்க சான்றாகும். பீப்பிள் என்ற பெயரில் இயங்கும் அமெரிக்க ஓவியர் மைக் விங்கல்மன், 2007 மே 1 முதல் நாள்தோறும் ஒன்றாக வரைந்த 5,000 படங்களை ஒன்றுசேர்த்து உருவாக்கிய ‘எவ்ரிடேஸ்’ என்னும் ஆக்கத்தை, கிறிஸ்டீஸ் ஏல நிறுவனம் 2021 மார்ச் 11 அன்று 6 கோடியே 93 லட்சம் டாலருக்கு விற்றது. அதனை 42,329 ஈதர் கொடுத்து வாங்கியவர், மெட்டாகோவன் என்ற புனைபெயர் கொண்ட, சிங்கப்பூர்வாழ் தமிழர் விக்னேஷ் சுந்தரேசன். ஏலப் பட்டியலின்படி அந்தப் படக் கோப்பின் அளவு 31,91,68,313 பைட். அது மின்ட் செய்யப்பட்ட நாள் 2021 பிப்ரவரி 16.

எத்தீரியத்தில் இத்தகைய பதிவுகளை நடத்தும் மென்பொருளுக்கு ஒப்பந்த நிரல் என்று பெயர்; அதன் சேமிப்பிடம் 32 பைட் கொண்ட கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. வெற்றுக் கட்டம் ஒன்றில் புதிதாக எழுத அக்காலத்தில் 20,000 கேஸ் ஆயிற்று. முழுப் படத்தையும் அங்கேயே எழுத முனைந்திருந்தால் ஏறத்தாழ ஒரு கோடிக் கட்டங்களும், அவற்றை நிரப்ப 20,000 கோடி கேஸும் வேண்டியிருக்கும். ஒரு தொகுதிக்கு ஏறத்தாழ ஒன்றேகால் கோடி கேஸ் என்பதே அன்றைய வரம்பு என்பதால், உலகில் வேறொருவரும் எதையும் பதியாமல் வழிவிட்டாலும், அந்த ஒரே படம் 16,000 தொகுதிகளை, அதாவது இரண்டு நாளுக்கும் மேலான காலத்தை, விழுங்கியிருக்கும். கேஸ் 100 குவேய் என்று கொண்டால் செலவு 20,000 ஈதர். ஏலத்தொகையில் கிட்டத்தட்டப் பாதி. இக்காரணத்தால்தான் ஏட்டில் எழுதப்பட்டது படமன்று, படம் இருக்கும் இடத்தைச் சுட்டும் ஒரு முகவரி மட்டுமே. கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தே கணித்தெடுக்கப்படும் அந்த முகவரி, ஐபிஎஃப்எஸ் என்னும் பகிர்வு வலைப்பின்னலுக்கு உரியது. அதில் ஏதாவது ஒரு கணினி அந்தக் கோப்பைத் தாங்கி நிற்கும்வரை மட்டுமே முகவரியிலிருந்து படம் கிடைக்கும்.

டிசம்பர் 30

பதிவும் பொருளும் பிரியாமல் நிற்பதற்குத் திருத்தணியிலேயே ஒரு பழைய சான்று உண்டு. முருகனின் மலைக்கோயிலின் புகழால் பலரது கண்ணிலிருந்து தப்பிவிடும் வீரட்டானேசுவரர் கோயில் இவ்வூரில், நந்தியாற்றங்கரையில் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், அபராசிதவர்மப் பல்லவன் காலத்தில், நம்பி அப்பி என்பவர் இதனைக் கல்லால் எடுப்பித்தார். அச்செயலைப் போற்றி அரசனே பாடியதாகக் குறிக்கப்பெற்ற வெண்பா ஒன்று இக்கோயில் சுவரிலேயே வெட்டப்பட்டிருக்கிறது. செய்தவர் பெயரும் சான்றளிப்பவர் பெயரும் செய்யப்பட்ட பொருளும் ஒரே கல்லில் சேர்ந்து நிற்பதால், கோயில் இருக்கும்வரை பதிவும் இருக்கும், பதிவு எதைச் சுட்டுகிறதோ அதுவும் எதிரிலேயே இருக்கும். திருத்தணிக்கு அருகே வேளஞ்சேரியில் 1977இல் கிடைத்த செப்பேடுகளும், அபராசிதனும் முதற் பராந்தக சோழனும் வழங்கியவை என்ற வகையில், இவ்வட்டாரம் எழுத்தை எவ்வளவு அக்கறையோடு காத்தது என்பதற்குச் சான்றாகின்றன.

எனினும் அக்காலத்தார் எழுத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை என்பதே இங்கு முதன்மையாகக் கருதத்தக்கது. நந்தா விளக்கு ஒன்றை எரிக்க விரும்பியவர் விளக்கை மட்டும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. தொண்ணூறோ தொண்ணூற்றாறோ ஆடுகளை இடையர் பொறுப்பில் விட்டு, அவர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும் என்று கல்லில் எழுதிவைத்தார். கிழ ஆடு இறந்தாலும் குட்டி பிறந்து மந்தையின் எண்ணிக்கை குறையாமல் நிற்கும் என்பதால் கல்வெட்டுகள் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்கின்றன. விளக்கின் விலை ஒருமுறை முடிந்துவிடுவது. நெய்யின் விலை ஒருநாளும் முடியாதது. முடியாத செலவுக்கு முடியாத வரவு ஒன்றைக் கட்டிவைத்த அந்தக் கணக்கறிவு, இன்றைய சேகரிப்புப் பொருள்களில் பெரும்பாலானவற்றிடம் இல்லை.

டிசம்பர் 31

வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்த திருப்படித் திருவிழா இன்று. ஆண்டின் நாள்களைக் குறிப்பதாகக் கொள்ளப்படும் மலைக்கோயிலின் 365 படிகளில், படிக்கு ஒரு திருப்புகழ் பாடி, ஒவ்வொரு படியிலும் மஞ்சளும் குங்குமமும் இட்டு, கற்பூரம் ஏற்றிப் பஜனைக் குழுக்கள் மேலேறுகின்றன. சூடத்தின் கரி படிந்த படியின் விளிம்பையும், பாடுவோரின் பாதங்களையும் கைப்பேசியில் பிடிப்போர் எண்ணிக்கை பாடுவோரின் எண்ணிக்கைக்குக் குறைந்ததாக இல்லை. அத்தகைய ஒளிப்படம் ஒன்றை அதை எடுத்தவரே மின்ட் செய்ய நினைத்தால் ஆகும் செலவைக் கணக்கிடுவது பயன் தரும்.

கேஸ் 100 குவேயும் ஈதர் 4,000 டாலருமாக இருந்த 2021இன் பிற்பகுதியில், 1,20,000 கேஸ் கொண்ட ஒரு பதிவுக்கு 0.012 ஈதர், அதாவது 48 டாலர், அன்றைய மதிப்பில் 3,600 ரூபாய் ஆகியிருக்கும். தமக்கென்று தனி ஒப்பந்த நிரல் ஒன்றை நிறுவிக்கொள்ள விரும்பினால் இருபத்தைந்து லட்சம் கேஸ் அளவுக்குத் தேவைப்படுமாதலால் அதற்கு மேலும் 75,000 ரூபாய். கேஸ் ஒரு குவேய்க்கு இறங்கி, ஈதர் 3,000 டாலராக உள்ள நாளில் அதே பதிவு முப்பது ரூபாய் அளவில் முடிந்துவிடும். படம் அதேதான், உழைப்பும் அதேதான். ஈதர் மதிப்பின் சிறு இறக்கம் நீங்கலாக, மாறியது நெரிசல் ஒன்றே. தொகுதியில் உள்ள இடம் வரம்புக்குட்பட்டது; அதற்குப் போட்டியிடுவோர் பெருகினால் விலை ஏறும். 2017 டிசம்பரில் கிரிப்டோகிட்டீஸ் என்ற பூனைப்பட விளையாட்டு எத்தீரியம் முழுவதையும் திணறடித்தது. 2022 ஏப்ரல் 30 அன்று அதர்சைட் என்ற கற்பனை நிலத்தின் மனைகள் விற்பனைக்கு வந்தபோது, சில மணி நேரத்தில் 15 கோடி டாலருக்கு மேல் கேஸ் கட்டணமாகவே போயிற்று. முயன்று தோற்றவர்களிடமும் கட்டணம் பிடிக்கப்பட்டது, ஏனெனில் தோல்வியுற்ற பதிவுக்கும் கணினிகள் வேலை செய்தே தீரவேண்டும். 2021 ஆகஸ்ட் 5 முதல் கட்டணத்தின் அடிப்படைப் பகுதி எவருக்கும் சேராமல் அழிக்கப்படுகிறது என்பதையும் கருதினால், அந்தப் பணத்தின் பெரும்பகுதி படைத்தவருக்கும் சேரவில்லை, படத்தைக் காக்கவும் பயன்படவில்லை என்பது விளங்கும்.

ஜனவரி 1

காவற்செலவு கணக்கில் சேராததன் விளைவு 2022 நவம்பரில் வெளிப்பட்டது. எஃப்டிஎக்ஸ் என்ற நாணயச் சந்தை திவாலானபோது, அதன் வழியாக வெளியிடப்பட்ட சேகரிப்புப் பொருள்களின் விவரக் கோப்புகள் அந்நிறுவனத்தின் சர்வரிலேயே இருந்தமையால், கோச்செல்லா இசைவிழாவின் வெளியீடுகள் உட்படப் பலவற்றின் படங்கள் காணாமற்போயின. வாங்கியவரின் பெயர் ஏட்டில் பிசகின்றி நின்றது. அவர் வாங்கியதாக நம்பிய பொருள் மட்டும் இல்லை. இதனைத் தொழில்நுட்பக் கோளாறு என்று தள்ளிவிடுவது சரியன்று. விலைபேசும்போதே விடப்பட்ட ஒரு செலவினம், பின்னர் வாங்கியவர் தலையில் விழுந்தது என்பதே நடந்தது.

ஐபிஎஃப்எஸ்ஸில் கோப்பை விடாமல் தாங்கி நிற்கச் செய்வதற்குப் ‘பின் செய்தல்’ என்று பெயர். அச்சேவையை அளிக்கும் நிறுவனங்கள் மாதக் கட்டணம் பெறுகின்றன, கட்டணம் நின்றால் காவலும் நின்றுவிடும். 2018இல் தொடங்கிய ஆர்வீவ் என்ற வலைப்பின்னல் வேறு வழியைக் கையாள்கிறது: ஒரே முறை பெறும் தொகையின் பெரும்பகுதியை அறக்கட்டளை முதல்போல ஒதுக்கிவைத்து, சேமிப்புச் சாதனங்களின் விலை ஆண்டுதோறும் குறையும் என்ற எதிர்பார்ப்பின்மேல், நெடுங்காலத்துக்கு அதிலிருந்து காவலருக்குப் படியளக்கத் திட்டமிடுகிறது. நேற்று முன்தினம் குறித்த ஆட்டு மந்தையின் கணக்குக்கு இது மிக நெருங்கியது. எதிர்பார்ப்பு பொய்த்தால் முதல் கரையும் என்ற ஐயம் இதிலும் உண்டு, ஆயினும் செலவு தொடர்வது என்பதை ஒப்புக்கொண்டு தொடங்கியதால் இம்முறையே மேலானது.

ஜனவரி 2

மலிவான வழிகள் இன்று பல. இந்தியர்கள் 2017இல் மேட்டிக் என்ற பெயரில் தொடங்கி, இப்போது பாலிகான் என வழங்கும் பிளாக்செயினில் பதிவுக் கட்டணம் மிகச் சொற்பம். விற்பனையாகும் வரை பதிவைத் தள்ளிவைத்துக் கட்டணத்தை வாங்குபவரிடம் சேர்க்கும் முறையும் உண்டு. 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் தன் சரிபார்ப்பு முறையை மாற்றிக்கொண்டதால், மின்சாரச் செலவு பற்றிய பழைய குற்றச்சாட்டும் பெரும்பாலும் பொருளற்றதாகிவிட்டது. மாறாக, வருமான வரிச்சட்டத்தின் சுமை குறையவில்லை: 2022 ஏப்ரல் 1 முதல் இத்தகைய சொத்துகளின் விற்பனை ஆதாயத்துக்கு 30 விழுக்காடு வரி, வாங்கிய விலையைத் தவிர வேறெந்தச் செலவையும் கழிக்க இடமில்லை, ஒன்றில் நேர்ந்த நட்டத்தை மற்றொன்றின் ஆதாயத்தில் ஈடுசெய்யவும் முடியாது, அவ்வாண்டு ஜூலை 1 முதல் விற்பனைத் தொகையில் ஒரு விழுக்காடு பிடித்தமும் சேர்ந்தது.

ஆகவே திருத்தணியின் ஒளிப்படக்காரர் ஒருவருக்கு இன்று பதிவுக் கட்டணம் தடையாக இராது. அவர் உண்மையில் ஒதுக்க வேண்டியது காவலுக்கான பணத்தை: மூலக் கோப்பின் படிகளை இரண்டு மூன்று இடங்களில் வைத்துக்கொள்வதும், அவற்றைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய வட்டுக்கு மாற்றுவதும், பின் செய்யும் கட்டணத்தை எத்தனை ஆண்டுக்கு யார் செலுத்துவது என்று விற்கும்போதே எழுத்தில் வைப்பதும் அதில் அடங்கும். ஐபிஎஃப்எஸ் முகவரி உள்ளடக்கத்திலிருந்தே பிறப்பதால், ஒரு பைட்டும் மாறாத மூலக் கோப்பு யாரிடமேனும் எஞ்சியிருந்து, முதலில் ஏற்றிய அதே முறையில் திரும்ப ஏற்றப்பட்டால், இடையில் எந்த நிறுவனம் மூடப்பட்டிருந்தாலும், ஏட்டிலுள்ள பழைய முகவரியிலேயே படம் மீண்டும் கிடைக்கும்.