சொல்லில்லா வழித்துணை

விடுமுறைக்கு வந்திருந்த தமக்கையின் மகன், ‘ஜேர்னி’ என்னும் வீடியோ விளையாட்டைத் தன் கணினியில் எமக்குக் காட்டினான். அமெரிக்காவின் தட்கேம்கம்பனி நிறுவனம் ஆக்க, 2012இல் வெளிவந்தது அது. பரந்த பாலைவனம், தொலைவில் ஒளி உமிழும் மலை, அதை நோக்கி நடக்கும் செந்நிற அங்கியணிந்த உருவம். உரையாடல் எதுவும் இல்லை. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் பயணம் முடிந்துவிடும்.

“வடிவாத்தான் இருக்கு மாமா. ஆனால், இதில வெல்லுறதுக்கு என்ன இருக்கு?” என்று அவன் கேட்டான்.

அக்கேள்வி எம்மையும் உறுத்தியது. இங்கே புள்ளிகள் இல்லை, மரணமும் இல்லை. காட்சியின்பமே நோக்கமெனில் ஓவியக் கண்காட்சி போதாதா? அழகே போதும் என்பாரும் உளர். 2018இல் பார்சிலோனாவின் நொமாடா ஸ்டூடியோ ஆக்கிய ‘கிரிஸ்’ விளையாட்டும் சொல்லற்றது. அதன் நீர்வண்ணக் காட்சிகள் நெஞ்சைவிட்டு அகலா. ஆயினும் பல இடங்களில் நாம் ஆடுபவராக அன்றிச் சித்திர ஏட்டைப் புரட்டுபவராகவே இருந்தோம்.

ஜேர்னியிலோ வழியில் இன்னோர் உருவம் எதிர்ப்பட்டது. அது கணினி இயக்கும் பொம்மையன்று. உலகின் ஏதோ ஒரு மூலையிலிருந்து ஆடும் மனிதர். பெயர் தெரியாது, பேச வழியில்லை, இசையொலி எழுப்பி அழைக்கலாம், அவ்வளவே. ஒருவரையொருவர் தொட்டால் இருவரது சால்வைகளும் ஒளி பெறும். அவ்வொளியைக் கொண்டே பறக்கலாம். பனிமலையில் எதிர்க்காற்று எம்மைப் பின்தள்ளியபோது, முன்னே சென்றவர் திரும்பி வந்து அருகில் நின்றார். அக்கணமே எமது விரல்களின் உழைப்புக்குப் பொருள் கிடைத்தது.

இதன் ஆக்குநர் ஜெனோவா சென் கூறிய செய்தியொன்று சிந்திக்கத்தக்கது. சோதனைக் காலத்தில் ஒருவரையொருவர் தள்ளும் வசதி இருந்ததாம். ஆடியோர் துணைவரைப் பள்ளத்தில் தள்ளி மகிழ்ந்தனராம். அவ்வசதி நீக்கப்பட்டது, நெருங்கினால் இருவருக்கும் நன்மை என்னும் விதி நிலைத்தது. மனித இயல்பே இழிந்தது என்று கைவிரிப்போர் இதனைக் கருதவேண்டும். விதி மாறினால் நடத்தையும் மாறும்.

எனினும், சொல்லையே தொழிலாகக் கொண்ட எமக்கு ஒரு மனக்குறை உண்டு. இங்கு கிட்டிய சமத்துவம் அனைவர் வாயையும் பூட்டிப் பெற்றதன்றோ? அத்துணைவர் சிங்களவரோ, ஜப்பானியரோ, நாம் அறியோம். மொழியின் பெயரால் பிளவுண்ட இத்தீவில் அம்மௌனம் இதமாகவே இருந்தது. ஆனால், இதம் தீர்வாகாது. அவரவர் தத்தம் மொழியிற் பேசி, ஒருவரையொருவர் விளங்கி உடன் நடப்பதே நாம் வேண்டும் பயணம். அதற்கு இவ்விளையாட்டு ஒத்திகை மட்டுமே, நல்ல ஒத்திகை.

முடிவில் துணைவரின் பெயர் திரையில் தோன்றியது. அது ஒரு புனைபெயர். எந்நாட்டவர் என்பதை அது உணர்த்தவில்லை. வெல்வதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டவன் அதனை நெடுநேரம் பார்த்திருந்தான்.

“இன்னொருக்கா விளையாடுவம், மாமா” என்றான்.